குதிரை ஏறிய பேய்



கிருஷ்ணா நடித்து 1971இல் வெளிவந்த ‘மோசகாள்ளகு மோசகாடு’ என்னும் தெலுங்குப் படத்தின் குதிரை வீரர்களை நம் ஐதராபாத் அன்பர்கள் அறிவர். தமிழில் கர்ணன் 1972இல் ‘கங்கா’ எடுத்தார். அமெரிக்கரோ அந்தப் பொட்டல் வெளியில் பேயையும் குதிரை ஏற்றிவிட்டனர்!

1959இல் வந்த ‘கர்ஸ் ஆஃப் தி அன்டெட்’ படத்தில், இரத்தம் குடிக்கும் பேய் கூலிக்குச் சுடுபவனாக வருகிறது. சுட்டாலும் சாகாது, சிலுவை பதித்த குண்டே அதனை வீழ்த்துகிறது. துப்பாக்கியே சட்டமாயிருந்த நாட்டில் அதுவும் பலிக்காவிடின் அச்சம் இயல்பே.

2015இன் ‘போன் டோமஹாக்’ படத்திலோ குகைவாழ் மனிதரே நரமாமிசம் தின்னும் அரக்கர். ‘அவர்கள் எம்மவரல்லர்’ என ஒரு பூர்வகுடியின் வாயால் சொல்வித்திருக்கின்றனர். ஆயினும் மண்ணை இழந்தவர் மீதன்றோ பழி விழுகிறது? நாமும் பிறர் மண்ணில் குடியேறியவர்களே. ஆனால் பயணச் சீட்டுடன் வந்தோம் (குமாஸ்தா புத்தி, பொறுத்தருள்க). அப்படத்தை நம் பிள்ளைகளுக்குக் காட்ட நமக்கு மனமில்லை.