கூடம் இல்லாத இடத்தில் கூட்டு வேலை

(தொழிற்சங்க வகுப்பொன்றில் ஆற்றிய உரை)



இன்றைய வகுப்பின் விஷயத்தைக் கேட்டதும் பஞ்சாலைத் தோழர்கள் சிலர் சிரித்துவிட்டனர். “வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவர்கள் கதை நமக்கெதற்கு? ரிங் பிரேமை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியுமா?” என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த வேலையைச் செய்கிறவர்கள் யார்? 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தபோது கம்ப்யூட்டர் கம்பெனிகள் லட்சக்கணக்கானவர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லின. அவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. இன்றைக்கும் பல கம்பெனிகளில் வாரத்தில் சில நாள் ஆபீஸ், சில நாள் வீடு என்றே வேலை நடக்கிறது.

நமக்குத் தெரிந்த ஒரு விவசாயத் தொழிலாளித் தோழரின் மகள் அப்படித்தான் வேலை செய்கிறார். எட்டுப் பேர் கொண்ட குழு. ஐந்து பேர் பெரும்பாலும் ஆபீசில். இந்தப் பெண்ணும் இன்னும் இருவரும் அவரவர் ஊரில். ஒரு நாள் ஆபீசிலிருந்த ஐவரும் டீ குடிக்கப் போன இடத்தில் வேலையை மாற்றிப் பிரித்துக்கொண்டனர். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. ஊரிலிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். இந்தப் பெண் இரண்டு நாள் ராப்பகலாக உழைத்து முடித்தது, இன்னொருவர் ஏற்கெனவே முடித்துவிட்ட வேலை! “கவனமில்லாதவள்” என்ற பெயர்தான் மிச்சம். “எட்டுப் பேர் சேர்ந்து செய்கிற வேலை என்கிறார்கள் அப்பா, அந்த எட்டுப் பேரில் பாதிப் பேர் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை” என்று அழுதாராம். அவளுக்கு என்ன சொல்வது என்று தோழர் நம்மிடம் கேட்டார்.

நாம் யோசித்துப் பார்த்தோம். பஞ்சாலையில் பக்கத்து சைடில் இழை மளமளவென்று அறுந்தால் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? யாரும் சொல்லாமலே ஒரு கை கொடுத்து ஒட்டிவிடுகிறீர்கள். யந்திரச் சத்தத்தில் பேச்சு காதில் விழாது. கண்ணும் கையுமே பேசும். நடவு வயலில் ஒரு பெண்ணுக்கு உடம்புக்கு முடியாமல் கை பின்தங்கினால், இரண்டு பக்கத்துப் பெண்களும் அவள் பங்கில் ஆளுக்கு இரண்டு முதல் நட்டு வரிசையைச் சரி செய்கிறார்கள். இதற்கு உத்தரவு உண்டா? இல்லை. கண்ணால் பார்க்கிறோம், அதனால் செய்கிறோம்.

வீட்டிலிருக்கிறவரின் கை பின்தங்கியது யார் கண்ணில் படும்? யார் கண்ணிலும் படாது. ஆகவே நாம் கண்ணால் செய்வதை அவர்கள் வாயாலும் எழுத்தாலும் செய்தாக வேண்டும். இதுதான் முழு விஷயமும்.

இது புதுப் பிரச்னை என்று நினைக்காதீர்கள். கண்ணூர் பீடித் தொழிலாளர்களைப் பாருங்கள். அங்கே பீடிக் கூடங்களில் ஒருவர் உட்கார்ந்து பத்திரிகை படிப்பார். மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றுவார்கள். படித்தவருக்குக் கூலி போகுமே? ஒவ்வொருவரும் தாம் சுற்றியதில் சில பீடிகளை அவர் கணக்கில் போட்டு ஈடு செய்தனர். கியூபாவின் சுருட்டு ஆலைகளிலும் 1865 முதலே இந்த வழக்கம் உண்டு. பீடிகளைக் கொடுத்து அவர்கள் வாங்கியது வெறும் செய்தியல்ல; ஒரே விஷயத்தை எல்லோரும் ஒரே நேரத்தில் அறிந்திருக்கும் நிலையை!

1966-ல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1968-ல் கேரளத்தில் அது அமுலுக்கு வந்தபோது கண்ணூர் முதலாளிகள் கூடங்களை இழுத்துப் பூட்டினர். சுமார் 12,000 பேர் தெருவில் நின்றனர். கூடத்தை மூடிவிட்டு, வீடு வீடாக இலையும் தூளும் கொடுத்து வேலை வாங்குவது பீடி முதலாளிகளுக்குப் பழகிய வழி. சிதறியவர்கள் சேர்ந்து கேட்க மாட்டார்கள் அல்லவா? தொழிலாளர்கள் 1969-ல் கேரள தினேஷ் பீடி கூட்டுறவைத் தொடங்கினர். கண்ணூரில் ஒரு மத்தியச் சங்கம்; ஊர்கள்தோறும் ஆரம்பச் சங்கங்கள். இலையும் தூளும் வாங்குவது, விற்பது மத்தியச் சங்கத்தின் பொறுப்பு. சுற்றுவது ஆரம்பச் சங்கங்களின் பொறுப்பு. ஆரம்பச் சங்கத்து நிர்வாகிகளில் பெரும்பாலோரைத் தொழிலாளர்களே தேர்ந்தெடுத்தனர். இப்படி எத்தனையோ ஊர்களில் பிரிந்திருந்து ஒரே வேலையைச் செய்தனர். ஒரு காலத்தில் சுமார் 42,000 பேர் அதில் வேலை செய்தனர். பின்னால் பீடி விற்பனை சரிந்து தொழில் சுருங்கியது வேறு கதை. தூரத்தால் அந்தக் கூட்டு உடையவில்லை.

இந்தப் பெண்ணுக்கு நாம் சொன்னது இதுதான்: உன் குழுவில் பத்திரிகை படிக்கிறவர் யார்? அப்படி ஒருவர் இல்லையென்றால் முறை வைத்து ஒருவரை வையுங்கள். டீக்கடையில் பேசி முடிவெடுத்தாலும் சரி, அன்றைக்கே அதை நாலு வரி எழுதி எட்டுப் பேருக்கும் அனுப்புவது அவர் வேலை. எழுதப்படாத முடிவு முடிவே அல்ல என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை எழுதுகிற அரை மணி நேரத்துக்கு அவருடைய வேலையில் கொஞ்சத்தை மற்றவர்கள் ஏற்க வேண்டும், கண்ணூர்க்காரர்கள் ஏற்றது போல.

“எங்களுக்கு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறதே” என்று அவர் சொன்னார். குரூப் நமக்கும் இருக்கிறது! காலை வணக்கமும் ரோஜாப்பூ படமும் வருகின்றன. ஊரடங்கில் நம் கமிட்டிக் கூட்டத்தையே போனில் நடத்திப் பார்த்தோம். வழக்கமாகப் பேசுகிற மூவரே அங்கும் பேசினர். மற்றவர்கள் இருக்கிறார்களா, தூங்கிவிட்டார்களா என்றுகூடத் தெரியவில்லை. மூன்றாவது கூட்டத்தில்தான் நமக்குப் புத்தி வந்தது. தூரத்திலிருப்பவர் முதலில் பேசட்டும், செயலாளர் கடைசியில் பேசட்டும் என்று மாற்றினோம். இரண்டு கிளைகளில் ரேஷன் கிடைக்காத விஷயம் அப்போதுதான் நமக்கே தெரிந்தது.

புதிதாக வருகிறவரின் பாடு இன்னும் மோசம். பஞ்சாலையில் புதுப் பையனைப் பழைய கை ஒருவர் பக்கத்தில் நிறுத்திப் பழக்குகிறீர்கள். வீட்டிலிருந்தே வேலைக்குச் சேர்ந்தவரை யார் பக்கத்தில் நிறுத்துவது? சந்தேகம் கேட்டால் மட்டமாக நினைப்பார்களோ என்று அவர் கேட்கவே மாட்டார். ஆகவே ஒவ்வொரு புதியவருக்கும் ஒரு பழைய கை. தினமும் கொஞ்ச நேரம், கேட்டாலும் கேட்காவிட்டாலும் பேசிவிட வேண்டும். முதல் வாரங்களில் எல்லோரும் நேரில் கூடுவது இன்னும் நல்லது. ஆபீசுக்குப் போகிற நாளை ஆளுக்கொரு நாளாகப் பிரித்துவிட்டு, காலி அறையில் தனியாக உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் பார்ப்பதில் என்ன லாபம்? போகிற நாளில் எல்லோரும் ஒன்றாகப் போங்கள் என்றோம்.

சில கம்பெனிகள் வேறு வழியில் போகின்றன. விசையைத் தட்டுவதை எண்ணுகின்றன; திரையைப் படம் பிடிக்கின்றன. மேஸ்திரி முதுகுக்குப் பின்னால் நின்றால் வேலை எப்படி நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து ஆளுக்குக் கை கொடுத்த நேரம் அந்தக் கணக்கில் வேலை செய்யாத நேரம்! அப்புறம் யார் கை கொடுப்பார்கள்?

நேர விஷயமும் இருக்கிறது. ஆலையில் சங்கு ஊதினால் ஷிப்டு முடிந்தது. வீட்டில் சங்கு இல்லை. ராத்திரி பதினொரு மணிக்கும் போன் அடிக்கிறது. பிரான்சில் 2017 முதல், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் வேலை நேரத்துக்கு வெளியே தொடர்பு கொள்வது பற்றித் தொழிலாளர்களுடன் பேசித் தீர்மானிக்க வேண்டுமென்று சட்டம் இருக்கிறது. சட்டம் வருகிற வரை காத்திருக்காமல், இத்தனை மணிக்குமேல் ஒருவரை ஒருவர் கூப்பிடுவதில்லை என்று அந்த எட்டுப் பேரும் தங்களுக்குள் பேசி வைக்கலாம்.

அந்தப் பெண் இதையெல்லாம் கேட்டுவிட்டு, “நான்தான் கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவள், நான் சொன்னால் கேட்பார்களா?” என்றார். ஊரிலிருக்கும் மற்ற இருவரிடம் முதலில் பேசு என்றோம். மூவரும் பேசியிருக்கிறார்கள். போன வாரம் முதல் நாலு வரிக் குறிப்பு தினமும் வருகிறதாம்; அதை எழுதுவது இப்போதைக்கு அவர்தான். முறை மாற்றுவது பற்றி இன்னும் பேச்சு முடியவில்லை.

இரவு ஷிப்டுக்காரர்கள் கிளம்ப வேண்டிய நேரமாகிவிட்டது. உங்கள் வீட்டில் இப்படி வேலை செய்கிற பிள்ளைகள் இருந்தால், அடுத்த வகுப்புக்கு அவர்களையும் அழைத்து வாருங்கள். மீதிக் கேள்விகளை அவர்களிடமே கேட்போம்.