விட்டபின் நிற்றல்

(திங்கட் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)

குடியின் தீமையை எடுத்துரைக்க ஒரு மேடை வேண்டுவதில்லை. அதனைக் குடிப்பவன் அறிவான். அவன் மனைவி அவனினும் நன்கறிவாள். இன்றைய பேச்சு மீட்சியைப் பற்றியது. குடியை விட்டவன் விட்டபடியே நிற்பது எங்ஙனம்? அவனை நிற்க வைப்பது அவன் சூளுரையா, பிறர் அறிவுரையா, வேறொன்றா? இவ்வினாவிற்கு விடை காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

திருக்குறளின் 93 ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. அதன் இறுதி இரு குறள்களையும் ஒருங்கு வைத்து எண்ணுதல் வேண்டும். ஒன்பதாம் குறள், குடிவெறியில் ஆழ்ந்திருப்பவனிடம் வழக்காடி அறிவு புகட்ட முயல்வது, நீரடியில் மூழ்கியவனை விளக்கேந்தித் தேடுவது போன்ற வீண்முயற்சி என்கின்றது. பத்தாம் குறளோ, குடிக்காத வேளையில் பிறனொருவன் வெறியைக் காண்பவன், தன் நிலையும் அதுவே என்று எண்ண மாட்டானோ என வினவுகின்றது. முன்னது அறிவுரை தோற்கும் இடத்தைக் காட்டுகின்றது. பின்னது கண்ணாடி ஒன்றை எடுத்து நீட்டுகின்றது. அதாவது, குடிநோயனுக்குத் தன்னைக் காட்ட வல்லவன் இன்னொரு குடிநோயனே. வள்ளுவர் வினாவாக நிறுத்திய இக்கருத்து, ஞாலத்தின் மறுபுறத்தில், 1935 ஆம் ஆண்டில், இருவர் வாழ்வில் மெய்ப்பட்டது. அவ்வரலாற்றைக் கேண்மின்.

அமெரிக்காவின் நியூயார்க்கு நகரில் பங்கு வணிகத்தில் உயர்ந்து, குடியால் யாவும் இழந்தவர் வில்லியம் வில்சன். 1934 திசம்பரில் அவர் மருத்துவமனை புகுந்து குடியை விட்டார். வெளிவந்தவர், கண்ணிற்பட்ட குடிநோயர்க்கெல்லாம் அறிவுரை கூறத் தலைப்பட்டார். பல திங்கள் உழைத்தும் ஒருவரும் திருந்திலர். உளம் சோர்ந்த அவரிடம் அவர்தம் மனைவியார் உலோயிசு ஓர் உண்மையைச் சுட்டினார்: பிறர் திருந்தாவிடினும், திருத்தச் சென்றவர் குடிக்காதிருக்கின்றாரே, அதுவே அம்முயற்சியின் ஊதியம் என்பது. அவர்க்கு மருத்துவம் பார்த்த சில்குவொர்த்து என்பாரும், அறம் உரைப்பதை விடுத்து நோயின் இயல்பைப் பேசுமாறு நெறிப்படுத்தினார்.

1935 மே திங்களில் வில்சன் வணிகத்தின் பொருட்டு ஒகையோ மாநிலத்து ஆக்ரன் நகர்க்குச் சென்றார். சென்ற செயல் கைகூடவில்லை. கையில் பணமில்லை; துணைக்கு ஆளில்லை. தங்கியிருந்த விடுதியின் முன்கூடத்தில் ஒருபுறம் குடியறை, அங்கிருந்து சிரிப்பொலி. மறுபுறம் தொலைபேசி. இடையே நின்றார் அம்மாந்தர். ஐந்து திங்கள் காத்த உறுதி ஆட்டங்கண்டது. அப்பொழுது அவர்க்குத் தோன்றியது ஒன்றே: பேசுவதற்கு இன்னொரு குடிநோயர் வேண்டும். அவரைக் காப்பதற்காக அன்று. தம்மைக் காத்துக் கொள்வதற்காக!

தொலைபேசியில் பலரை வினவி, என்றியெட்டா சீபர்லிங்கு என்னும் அம்மையார் வழியாக, இராபர்ட்டு சிமித்து என்னும் அறுவை மருத்துவரை மறுநாள் கண்டார். சிமித்து குடியால் தொழிலும் பெயரும் இழந்து கொண்டிருந்தவர். அறிவுரை கேட்டுச் சலித்த அவர், 15 மணித்துளிக்கு மேல் இருப்பதற்கில்லை என்று சொல்லியே வந்தார். பேச்சோ ஆறு மணி நேரத்திற்கு மேல் நீண்டது. வில்சன் தாம் வீழ்ந்த வரலாற்றைக் கூறினார்; சிமித்து அதில் தம்மைக் கண்டார். தம் நோயைப் பட்டறிவால் அறிந்து பேசிய முதல் மாந்தர் வில்சனே என்று பின்னாளில் அவர் எழுதினார்.

இத்துடன் முடிந்திருப்பின் இஃது ஓர் இனிய கதையாகும், பயன் குறைவு. சில கிழமை குடியாதிருந்த சிமித்து, சூன் திங்களில் அட்லாண்டிக்கு நகரில் நடந்த மருத்துவர் மாநாட்டிற்குச் சென்றவிடத்து மீண்டும் குடித்தார். நிலைதெரியாது மயங்கித் திரும்பினார். வில்சன் அவரை இகழவில்லை, கைவிடவுமில்லை. உடனிருந்து தேற்றினார். 1935 சூன் 10 ஆம் நாள் அறுவைப் பணி ஒன்று காத்திருந்தது. நடுங்கும் கை நிலைபெறச் சிறிது பீர் தரப்பட்டது. அதுவே சிமித்து குடித்த இறுதிக் குடி. அந்நாளே 'ஆல்ககாலிக்சு அனானிமசு' எனப்படும் பெயர் சொல்லாக் குடிநோயர் தோழமையின் பிறந்தநாளாகப் போற்றப்படுகின்றது. 1950 இல் மறையும் வரை சிமித்து ஆயிரக்கணக்கான குடிநோயர்க்குக் கட்டணமின்றி மருத்துவம் செய்தார்.

இங்கு உற்றுநோக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, இத்துணைப் பெரிய தோழமையின் தோற்றத்திலேயே ஒரு வீழ்ச்சி உண்டு. மீண்டும் ஒருமுறை குடித்துவிட்டான் என்று ஊர் கைவிடும் மாந்தன், மீட்சியின் பாதி வழியில் இருப்பவனாகலாம். மற்றொன்று, குடியை விட்ட பின்னும் ஏறத்தாழ இரண்டரை ஆண்டுக்காலம் வேட்கை தம்மை விட்டகலவில்லை என்று சிமித்தே எழுதி வைத்துள்ளார். வேட்கை எழுவது தோல்வியன்று. எழுந்த வேட்கையோடு தனித்திருப்பதே இடர்.

இனி, உடலின் இயல்பையும் அறிதல் வேண்டும். பல்லாண்டு மிகுதியாகக் குடித்தவனை அறையிலடைத்து ஒரே நாளில் நிறுத்த முயலும் வீடுகள் பல. நிறுத்திய சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தோன்றும்; இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம்; அதையடுத்த நாள்களில் இல்லாதன கண்டு பிதற்றும் கொடுநிலையும் வரலாம்; உயிரும் போகலாம். ஆதலின் அத்தகையவனை மருத்துவர் காவலிலேயே நிறுத்துதல் வேண்டும். எரோயின் முதலிய அபின்வகைப் பொருளுக்கு ஆட்பட்டவர்க்கு இடர் வேறிடத்தில் உள்ளது. விட்டிருந்த காலத்தில் உடல் தன் பழைய தாங்குதிறனை இழந்து விடுகின்றது. சிறையிலிருந்தோ மருத்துவமனையிலிருந்தோ மீண்டவன், முன் எடுத்த அளவையே மீண்டும் எடுப்பானாயின் மூச்சடங்கி இறக்க நேரும். விடுதலை பெற்று வீடு திரும்பும் நாளே காவல் மிகவேண்டிய நாள் என்க.

வள்ளுவர் மருந்து அதிகாரத்தின் இறுதியில், நோயர், மருத்துவர், மருந்து என்னும் மூன்றோடு, உடனிருந்து பேணுபவரையும் நான்காம் கூறாக வைத்தார். குடிநோய்க்கு இந்நான்காம் கூறே உயிர்நாடி. சென்னையில் இதனை உணர்ந்து செயற்பட்டவர் சாந்தி இரங்கநாதன் அம்மையார். கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த அவர், 1980 இல் கணவர் பெயராலேயே குடிநோய் மருத்துவ ஆய்வு நிலையத்தை நிறுவினார். அங்கு நோயர்க்கு மட்டுமன்றி, அவர்தம் குடும்பத்தார்க்கும் வழிகாட்டப்படுகின்றது. ஏனெனில் நோய் ஒருவனுடையதாயினும் புண் வீடு முழுமைக்கும் உரியது. கடனை மறைத்தவளும், வேலையிடத்தில் பொய்யுரைத்துக் காத்தவளும், அஞ்சி அஞ்சி வளர்ந்த பிள்ளைகளும் தேற வேண்டியவர்களே.

அன்பர்களே! மருத்துவமனை சில கிழமைகளே காக்கும். எஞ்சிய வாழ்நாளைக் காக்க வேண்டியது குமுகாயம். விட்டவன் திரும்பி வரும் தெரு பழைய தெருவே. கூலி பெறும் நாளும், கூடிக் குடித்த நண்பரும், திருமண வீட்டுப் பின்கட்டும் பழையனவே. ஆங்கு "ஒருவாய் குடித்தால் என்ன குறைந்துவிடும்?" என்பவன் நண்பனல்லன். அவனுக்கு ஒரு வேலை கொடுப்பவனும், மாலைப்பொழுதில் அவனோடு நடந்து செல்பவனும், சறுக்கிய நாளில் கதவைச் சாத்தாதவனுமே உறவினர். இதற்காக மனைவி அடியும் உதையும் பொறுத்துக் கிடக்க வேண்டும் என்பது கருத்தன்று. அவளுக்கும் பிள்ளைகட்கும் காப்பளித்த பின்னரே ஏனைய யாவும்.

விட்டவனைப் பார்த்து, "இது எத்தனை நாளைக்கு?" என்று எள்ளி நகையாடுவோர் ஊர்தோறும் உளர். வாழ்நாள் முழுமைக்கும் சூளுரைத்தவன் அவ்வினாவால் மருளக்கூடும். ஆனால் வில்சனும் சிமித்தும் தொடங்கிய தோழமையினர் வாழ்நாளுக்குச் சூளுரைப்பதில்லை. "இன்றைக்கு மட்டும்" என்பதே அவர்கள் விடை. நாளை வந்தால், அதுவும் இன்றாகி நிற்கும். அவ்வொரு நாளைக் கடக்க ஒருவனுக்குத் துணை நிற்றல் இங்குள்ள எவர்க்கும் இயலும். உங்கள் தெருவில் அத்தகையவன் ஒருவன் இருப்பானாயின், இன்று மாலையே அவன் வீட்டுக் கதவைத் தட்டுமின்.