“நீ கட்டச்சொல்ல இன்னா நம்பர் எய்தின?”

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஒரு குழுவின் ஊக்குநர் பேசியது)

‘குழுவால் நான் அடைந்த முன்னேற்றம்’ என்று பத்து நிமிஷம் பேசச் சொன்னாங்க. அதை எனக்கு முன்னாடி பேசினவங்க நல்லாவே சொல்லிட்டாங்க. நான் குழுவில் செஞ்ச ஒரு தப்பைப் பத்திப் பேசலாம்னு இருக்கேன். நேத்து எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னப்போ, “மேடையில போய் இதையா சொல்லுவ?”ன்னு கேட்டார். சொல்லித்தான் பார்ப்போமே.

எனக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். 2003-ல் கல்யாணம் முடிஞ்சு பெருங்களத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். நம்மில் பாதிப் பேர் அங்கே இறங்கினவங்கதான். அப்போ தெற்கத்தி பஸ் எல்லாம் விடியக்காலம் அங்கேதான் ஆளையும் மூட்டையையும் இறக்கிவிட்டுட்டிருந்துது. வந்த முதல் வாரம் தண்ணி லாரிகிட்ட நின்னு, “பைய வாங்கக்கா, நான் வெள்ளனயே வந்துட்டேன்”னு சொன்னேன். நாலு பேர் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிச்சாங்க. அப்புறம் அந்தத் தெருவில் எனக்குப் பேரே ‘வெள்ளன’தான். பக்கத்து வீட்டில் ‘வாரியல்’ இரவல் கேட்டா என்னன்னே தெரியல. இங்க அது தொடப்பம். மதுரைக்காரங்களுக்கு வெளக்கமாறு, கோயம்புத்தூர்ப் பக்கம் சீமாறு. கூட்டுறது எல்லாம் ஒரே குப்பையைத்தான். கடைசியில் மளிகைக்கடை அண்ணாச்சிதான் சிரிக்காம ஒண்ணை எடுத்துக் கொடுத்து, “எந்த ஊரும்மா?”ன்னு கேட்டார். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு.

அதுக்கப்புறம் நான் பேச்சை மாத்திக்கிட்டேன். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சதும் அவளே திருத்துவா. “அம்மா, மிஸ்கிட்ட ‘சொல்லுதேன்’னு சொல்லாத, ‘சொல்றேன்’னு சொல்லு.” சரின்னு கேட்டுக்கிட்டேன்.

இவ்வளவு பட்டவ அடுத்தவங்க பேச்சைப் பார்த்துச் சிரிக்கலாமா? சிரிச்சேன். இந்த ஊர்க்காரங்க பேச்சைத்தான். ‘கீது’, ‘வூட்டாண்ட’, ‘இஸ்துகினு’ எல்லாம் தமிழே இல்லைன்னு என் நினைப்பு. யார் சொல்லிக் கொடுத்தாங்கன்னா, சினிமாதான். மெட்ராஸ் பாஷை பேசினா அது காமெடியன், ரிக்‌ஷாக்காரர், இல்லேன்னா ரவுடி. கதாநாயகி பேசி நான் பார்த்ததே இல்லை. 1958-ல் வந்த ‘சபாஷ் மீனா’வில் சந்திரபாபு ரிக்‌ஷாக்காரராக வந்து இந்தப் பாஷையில் வெளுத்து வாங்கியிருப்பார். அவர் பிறந்தது தூத்துக்குடி, எங்க பக்கம்! இந்தச் சேரி மக்கள் பேச்சைச் சிரிப்புக்காக இல்லாம, அவங்க வலியைச் சொல்றதுக்காக எழுதினவர் ஜெயகாந்தன். அவரும் கடலூர்க்காரர். நம்மளை மாதிரி வந்து குடியேறினவர்தான், ஆனா காது கொடுத்துக் கேட்டிருக்கார்.

நூலகத்தில் ஒரு டீச்சரம்மா எனக்குச் சில விஷயம் சொன்னாங்க. ‘வூட்டாண்ட’ங்கிறதில் இருக்கிறது ‘அண்டை’. அக்கம்பக்கம் அண்டைவீடுன்னு சொல்றோமே, அதேதான். ‘குந்து’ன்னா மரியாதையில்லாத சொல்லுன்னு நினைச்சிருந்தேன், அது அகராதியிலேயே இருக்கிற பழைய தமிழ். ‘பேஜார்’ பாரசீகத்திலிருந்து உருது வழியா வந்தது. ‘நைனா’ தெலுங்கு. திட்டுறதுக்குச் சொல்ற ‘கஸ்மாலம்’ இருக்கே, அது சமஸ்கிருதம். பகவத்கீதை ரெண்டாம் அத்தியாயத்தில், சோர்ந்து உட்கார்ந்த அர்ச்சுனனைப் பார்த்துக் கண்ணன் பேசுற இடத்தில் வருதாம். ‘துட்டு’ டச்சுக்காரங்க செப்புக் காசோட பேரு. பழவேற்காட்டில் கோட்டை கட்டி வியாபாரம் பண்ணினாங்களே, அவங்க விட்டுப் போனது. எங்க ஊர்லயும் துட்டுதான் சொல்லுவோம்.

இதைக் கேட்டுட்டு ஒருத்தங்க, “அப்போ எல்லாம் வெளிச்சொல்லு, கலப்படம்தானே?”ன்னாங்க. அப்படிப் பார்த்தா சாவி, ஜன்னல், மேஜை மூணுமே போர்ச்சுகீசியம். மேஜைன்னு சொன்னா யாரும் சிரிக்கிறதில்லை. ஏன்னா ஆபீசர் வீட்டிலும் மேஜை இருக்கு. சிரிப்பு வர்றது சொல்லைப் பார்த்து இல்லை, சொல்ற ஆளைப் பார்த்துன்னு எனக்கு அப்பதான் உறைச்சுது. குரோம்பேட்டைன்னு வாய் நிறையச் சொல்றோம். குரோம் லெதர் கம்பெனி இருந்ததால் வந்த பேர் அது. பாதி இங்கிலீஷு, பாதி தமிழு.

இப்போ என் தப்புக்கு வர்றேன்.

எங்க குழுவில் 14 பேர். தெற்கத்திக்காரங்க ஆறு பேர், விழுப்புரம், திருவண்ணாமலை பக்கம் அஞ்சு பேர், வீட்டில் தெலுங்கு பேசுற ஒருத்தர், முடிச்சூரிலேயே பிறந்து வளர்ந்த ரெண்டு பேர். அதில் மூத்தவங்களை முடிச்சூர் அக்கான்னுதான் கூப்பிடுவோம். வங்கிக்கடன் வாங்கி மாசம் 14,000 கட்டிட்டிருந்தோம். ஊக்குநர்ங்கிறதால் நான்தான் போய்க் கட்டுவேன். ஒருநாள் கூட்டத்தில் அக்கா சேமிப்புப் புத்தகத்தைப் புரட்டிட்டு, “இதுல துட்டு ஜாஸ்தியா கீதே”ன்னாங்க. அப்புறம் என்னைப் பார்த்து, “நீ கட்டச்சொல்ல இன்னா நம்பர் எய்தின?”ன்னு கேட்டாங்க.

எனக்கு எப்படிக் கேட்டுதுன்னா, நான் யாரையோ விட்டுப் பணம் கட்டச் சொன்னேன்னு. “நான் யாரையும் கட்டச் சொல்லலை, நானேதான் போய்க் கட்டினேன்”னேன். “அத்தத்தான் கேக்கறேன், நீ கட்டச்சொல்ல...”ன்னு மறுபடி ஆரம்பிச்சாங்க. என்னமோ என்மேல் திருட்டுப் பட்டம் கட்டுற மாதிரி எனக்கு. அவங்க குரலும் கொஞ்சம் பெரிசு. 14 பேர் முன்னாடி, “முதல்ல ஒழுங்கா தமிழ் பேசுங்க, அப்புறம் கணக்குக் கேளுங்க”ன்னுட்டேன். ரெண்டு பேர் சிரிச்சாங்க. அக்கா புத்தகத்தை மூடி வெச்சுட்டாங்க. அடுத்த கூட்டங்களுக்கு வருவாங்க, சந்தாவைப் போடுவாங்க, கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுவாங்க.

மூணு மாசம் கழிச்சு வங்கியிலிருந்து கடிதம். கடன் தவணை நிலுவை. போய்ப் பார்த்தா, செலானில் கடன் கணக்கு நம்பருக்குப் பதிலா சேமிப்புக் கணக்கு நம்பரை எழுதியிருக்கேன். பழைய செலானைப் பார்த்துப் பார்த்தே எழுதினதில் அதே தப்பு திரும்பத் திரும்ப. பணம் எங்கயும் போகலை, எங்க சேமிப்பிலேயே கிடந்தது. ஆனா நிலுவைன்னு பதிவாயிட்டதால் அடுத்த கடன் தள்ளிப்போச்சு. எங்க உறுப்பினர் ஒருத்தர் அந்தக் கடனை நம்பித்தான் மகளை நர்சிங் சேர்க்க இருந்தாங்க. ஜூன் மாசம் ஃபீஸ் கட்டணும். வேற வழியில்லாம 20,000 ரூபாயை அஞ்சு வட்டிக்கு வெளியில் வாங்கினாங்க. மாசம் ஆயிரம் ரூபாய் வட்டி. தண்டல்காரர் வாசலில் நிக்கக்கூடாதுன்னுதானே நம்ம குழுவே ஆரம்பிச்சோம்? என் குழுவில், என்னால் நின்னார்.

விழுப்புரத்து அக்காதான் எனக்கு விளக்கினாங்க. இந்தப் பக்கம், வடமாவட்டங்களில், ‘கட்டச்சொல்ல’ன்னா ‘கட்டும்போது’ன்னு அர்த்தம். ‘வரச்சொல்ல’ன்னா ‘வரும்போது’. அக்கா கேட்டது, “நீ கட்டும்போது என்ன நம்பர் எழுதின?” அவ்வளவுதான். சரியான கேள்வி, சரியான நேரத்தில். பத்து வருஷத்துக்கு மேல இந்த ஊரில் தண்ணி குடிச்சவளுக்கு அந்த ஒரு சொல்லு தெரியலை, ஏன்னா தெரிஞ்சுக்கணும்னு தோணவே இல்லை.

அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்னு வார்த்தை வராம முழிச்சேன். “அத்த வுடு. வா, குந்து”ன்னாங்க. குந்தினேன். டீ போட்டுக் கொடுத்துட்டு, அந்த நர்சிங் பிள்ளை வட்டிக்கு என்ன செய்யலாம்னு பேச ஆரம்பிச்சாங்க. அடுத்த கூட்டத்திலேயே உள்கடனாகக் கொடுத்து அந்த 20,000-ஐ அடைச்சோம். அதுக்குள்ள கட்டின ரெண்டு மாச வட்டி 2,000-ஐ நான் கொடுத்தேன். அந்த அம்மா வேண்டாம்னாங்க, அக்கா விடலை.

அதுக்கப்புறம் எங்க குழுவில் ரெண்டு மூணு வழக்கம் வந்துது. தீர்மானப் புத்தகத்தில் கேள்வி கேட்டவங்க சொன்னதை அவங்க வார்த்தையிலேயே எழுதுறோம். திருத்தறதில்லை, புரியலைன்னா “அப்படின்னா என்னக்கா?”ன்னு கேட்டுக்கிறோம். ‘சுழல் நிதி’யை ‘சூழல் நிதி’ன்னு வருஷக்கணக்கா நாம எல்லாரும் சொன்னோமே, அதுக்கு யார் சிரிச்சாங்க? மசாலா பாக்கெட்டில் இப்போ ‘மல்லித்தூள் / தனியா தூள்’னு ரெண்டும் போடுறோம். மல்லின்னா இங்க பூவைத்தான் நினைக்கிறாங்க. ‘வத்தல் அஞ்சு கிலோ’ன்னு நான் எழுதிக் கொடுத்த சீட்டுக்குச் சுண்டைக்காய் வத்தல் வந்து இறங்கின கதை தனி. காய்ஞ்ச மிளகாய்னு எழுதணுமாம். அந்த அஞ்சு கிலோவை விக்கிறதுக்குள்ள நாங்க பட்ட பாடு!

இந்த மூணு வருஷமா எங்க குழுவின் பொருளாளர் முடிச்சூர் அக்காதான். ஒரு தவணையும் நிக்கலை. இப்போ கூட்டமைப்பின் வரவு செலவை அவங்க வாசிக்கப் போறாங்க. மைக்கை அவங்ககிட்ட கொடுக்கிறேன். கேள்வி கேக்கிறவங்க உங்க ஊர்ப் பேச்சிலேயே கேளுங்க, அவங்க அவங்க பேச்சில் பதில் சொல்லுவாங்க.