அரைத்த இறைச்சியும் அரைக்கும் இயந்திரமும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே கிடப்பது படுவான்கரை. கிழக்கே, வாவிக்கும் கடலுக்கும் இடையில் நீண்டு கிடப்பது எழுவான்கரை. ஞாயிறு படும் திசையையும் எழும் திசையையும் கொண்டு முன்னோர் இட்ட பெயர்கள் இவை. வயல்களும் மேய்ச்சற்றரைகளும் பெரும்பாலும் படுவான்கரைப் பக்கத்தில் உள்ளன. மக்கள் நெருங்கி வாழும் ஊர்களும் சந்தைகளும் பெரும்பாலும் எழுவான்கரைப் பக்கத்தில் உள்ளன. ஆகவே மாடு மேயும் இடம் ஒன்றாகவும், அதன் இறைச்சி விலைப்படும் இடம் வேறொன்றாகவும் இருப்பது இப்பிரதேசத்தின் இயல்பு.

இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியைச் சட்டம் நெடுங்காலமாகவே காவல் செய்து வந்திருக்கின்றது. இறைச்சிக் கடைக்காரர் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் என்பதை 1893ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் விதித்தது. எந்த மாட்டை அறுக்கலாம், எதை அறுத்தலாகாது என்பதை 1958ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டம் வரையறுத்தது. உண்ணத் தகாத உணவை விற்பதையும், தூய்மையற்ற இடத்தில் உணவைக் கையாள்வதையும் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் தடுக்கின்றது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கடைக்கு வந்து பார்வையிடுவதையும் நேயர்கள் அறிவர். எனினும் வாடிக்கையாளரின் கவலை பெரும்பாலும் மாட்டோடு நின்றுவிடுகின்றது. மாடு நோயற்றதா, இன்று அறுத்ததா, முறைப்படி அறுத்ததா என்று கேட்போர் பலர். “இந்த இயந்திரத்தைக் கடைசியாக எப்பொழுது கழற்றிக் கழுவினீர்கள்?” என்று கேட்போர் மிகச் சிலரே.

அக்கேள்வி ஏன் கேட்கத்தக்கது என்பதை அறிய, இறைச்சியின் இயல்பைச் சிறிது நோக்குதல் வேண்டும். நோயற்ற விலங்கின் தசையின் உட்புறத்தில் பொதுவாகக் கிருமிகள் இரா. தோலை உரிக்கும்போதும் குடலை அகற்றும்போதும், தோலிலும் குடலிலும் உள்ள கிருமிகள் இறைச்சியின் மேற்பரப்பிலே படிகின்றன. ஆகவே முழுத் துண்டாக இருக்கும்வரை அழுக்குப் பெரிதும் வெளிப்புறத்திலேயே தங்கும். நெருப்புப் பட்ட அளவில் அது அழியும். அதே துண்டை இயந்திரத்தில் இட்டு அரைத்தால், புறத்தே இருந்தது அகத்தே புகுந்து, திரளின் ஒவ்வொரு பகுதியிலும் பரவிவிடுகின்றது. மேலே நன்றாகச் சிவந்து பொரிந்த அரைத்த இறைச்சி, நடுவில் வேகாமல் இருந்தால், கிருமிகளும் அங்கே உயிரோடிருக்கும். முழுத் துண்டைக் காட்டிலும் அரைத்த இறைச்சிக்குக் கூடுதலான வெப்பத்தை விதிப்பது இதனாலேயே. அரைத்த மாட்டிறைச்சியின் நடுப்பாகம் 71 பாகை செல்சியஸ் வெப்பத்தை எட்டவேண்டும் என்பது அமெரிக்க அரசின் விவசாயத் திணைக்களம் கூறும் அளவு.

இவ்வளவைப் பிறநாட்டார் எளிதில் கற்கவில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்கு மாநிலங்களில் 1993ஆம் ஆண்டில், நன்றாக வேகாத அரைத்த மாட்டிறைச்சியைச் சிற்றுண்டிச் சாலைகளில் உண்ட எழுநூறுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். நான்கு குழந்தைகள் இறந்தனர். அந்நோயை விளைத்தது மாட்டின் குடலில் வாழும் எசரிக்கியா கோலை என்னும் பற்றீரியாவின் கொடிய வகையொன்று. வளர்ந்தோர் பெரும்பாலும் வயிற்றுளைச்சலோடு தப்புவர். சிறு பிள்ளைகளுக்கோ அது சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யக்கூடியது. இவ்வகைக் கிருமி கலந்த அரைத்த மாட்டிறைச்சி விற்பனைக்கே ஒவ்வாதது என அடுத்த ஆண்டிலே அந்நாட்டு அரசு விதித்தது.

மட்டக்களப்பு வீடுகளில் அரைத்த இறைச்சியைச் சமைக்கும் பழைய முறை இவ்விடயத்தில் பாராட்டத்தக்கது. கட்லட்டுக்கோ ரோல்ஸுக்கோ இறைச்சியை எடுக்கும் இல்லத்தரசி, முதலில் அதனை வெங்காயம், மிளகு முதலியவற்றோடு சட்டியிலிட்டு நீர் வற்றும்வரை வேகவைக்கிறாள். பின்னரே உருளைக்கிழங்கோடு பிசைந்து, உருட்டி, எண்ணெயில் பொரிக்கிறாள். ஒரே இறைச்சி இருமுறை நெருப்பைக் காண்கின்றது. கொத்து ரொட்டியில் சேர்வதும் முன்னமே வெந்த கறியே. கிருமிகளைப் பற்றி எவரும் பேசாத காலத்திலேயே இம்முறைகள் வேரூன்றிவிட்டன. பச்சையாக அரைத்ததை அடையாகத் தட்டி, இரும்புத் தட்டின்மேல் இருபுறமும் வாட்டி, பாணுக்கிடையில் வைத்துக் கொடுக்கும் பேகர் என்னும் பண்டம் புதிது. அதனை விரும்பி உண்போர் இளைஞரும் சிறுவருமே. பழைய சமையலின் பாதுகாப்பு இப்பண்டத்திற்கு இல்லை. அதற்கு இறைச்சி கடையிலேயே தூயதாக இருத்தல் வேண்டும், நடுவரை வேகவும் வேண்டும்.

கடையில் நேரும் குற்றங்கள் பெரும்பாலும் இரக்கமின்மையால் நேர்வன அல்ல, அவசரத்தால் நேர்வன. காலையில் கூட்டம் நெருக்கும்பொழுது ஒரே மரக்குற்றியில் மாட்டிறைச்சியும் ஆட்டிறைச்சியும் வெட்டப்படும். அடுத்துக் கோழி வரும். ஒரே கத்தி எல்லாவற்றிலும் செல்லும். கத்தியையும் குற்றியையும் தராசுத் தட்டையும் ஒரே ஈரத்துணி துடைக்கும். தூய்மை செய்வதாகத் தோன்றும் அத்துணியே எல்லாவற்றிலும் மோசமானது. ஓரிடத்து அழுக்கை எடுத்து ஒன்பது இடத்திற்குக் கொண்டுசெல்வது அது. பணத்தை வாங்கிய கை மீண்டும் இறைச்சியைத் தொடுவதைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

இயந்திரத்தின் நிலை இதனினும் நுட்பமானது. அதன் வாயில் இட்ட இறைச்சியைத் திருகாணி போன்ற தண்டு முன்னே தள்ள, சுழலும் கத்தி அதனை நறுக்க, துளைத்தட்டின் வழியே அது வெளிவருகின்றது. இவற்றின் இடுக்குகளில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இறைச்சி தங்கிவிடும். தன் கண்ணெதிரே, தான் தெரிந்தெடுத்த துண்டையே அரைத்துத் தருமாறு கேட்கும் வாடிக்கையாளர் விவேகமுள்ளவரே. ஆனால் துளைத்தட்டிலிருந்து முதலில் விழும் ஒரு பிடி, அவருக்கு முன் வந்தவருடைய இறைச்சியாக இருக்கலாம். அவருடையதிலும் ஒரு பிடி உள்ளே தங்கி, அடுத்தவர் பொதிக்குச் செல்லும். கடை மூடும்போது தங்கியது கழுவப்படாவிடின், மறுநாட் காலையில் முதலில் வருபவருக்கு அது போய்ச் சேரும்.

வாவிக்கரையின் வெப்பத்தில் இது சிறிய காரியமன்று. 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பநிலை கிருமிகளுக்கு உவந்தது. சாதகமான சூழலில் சில வகைகள் 20 நிமிடத்திற்கு ஒருமுறை இருமடங்காகும். அக்கணக்கின்படி ஒரு கிருமி நான்கு மணி நேரத்தில் 4,096 ஆகும். குளிரூட்டாத இடத்தில் இயங்கும் இத்தகைய கருவிகளை நான்கு மணி நேரத்திற்கு ஒருமுறையேனும் கழுவவேண்டும் என அமெரிக்க உணவு விதிக்கோவை கூறுவது இதன் பொருட்டே. நீரை மேலே ஊற்றுதல் கழுவுதல் ஆகாது. பாகங்களைக் கழற்றி, ஒட்டியதைச் சுரண்டி நீக்கி, சவர்க்காரமும் வெந்நீரும் கொண்டு தேய்த்து, அலசி, அதன் பின்னரே குளோரின் நீரில் இடல் வேண்டும். கொழுப்புப் படிந்த இரும்பில் குளோரின் பயன் தராது. இவ்வரிசை மாறினால் உழைப்பு வீண். இறுதியில் துணியால் துடையாது காற்றிலே உலரவிடுதல் நன்று.

ஒரு பண்டத்தின் அழுக்கு மற்றொன்றில் ஏறுவதன் கொடுமையை ஸ்கொட்லாந்து 1996ஆம் ஆண்டின் இறுதியில் கண்டது. விஷோ என்னும் ஊரிலே நற்பெயர் பெற்ற ஓர் இறைச்சிக் கடையிலிருந்து சென்ற உணவினால் ஐந்நூறு பேரளவில் நோயுற்றனர். இருபது பேரளவில் மாண்டனர். மாண்டவர் முதியோர். அக்கேட்டில் சமைத்த இறைச்சிக்கும் பங்கிருந்தது. பச்சை இறைச்சியிலிருந்து சமைத்ததற்குக் கிருமி சென்றடைந்திருந்தது. அதனை ஆராய்ந்த பேராசிரியர் ஹியூ பெனிங்டனின் குழு, பச்சை இறைச்சியையும் சமைத்ததையும் இடத்தாலும் கருவியாலும் ஆளாலும் பிரித்துவைக்க வேண்டும் என்று 1997இல் வற்புறுத்தியது. ஒரு பக்கம் பச்சை இறைச்சியும் மறுபக்கம் பொரித்த கட்லட்டும் விற்கும் கடை எங்கிருந்தாலும் இது பொருந்தும்.

இப்பிரிவினைக்கு மட்டக்களப்பில் வேறொரு காரணமும் உண்டு. இங்கே தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்கின்றனர்; ஒருவர் கடையில் மற்றவர் வாங்குகின்றனர். மாட்டிறைச்சி உண்ணாத இந்து ஒருவர் அரைத்த ஆட்டிறைச்சி கேட்கிறார். பன்றி இறைச்சியின் சுவடும் படாத உணவே முஸ்லிம் ஒருவருக்கு வேண்டும். இருவரும் கேட்பது ஒன்றே: தமக்குரிய இறைச்சி மட்டும் தம் பொதியில் இருத்தல். கழுவாத இயந்திரம் இருவரையும் ஒருங்கே வஞ்சிக்கும். அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு அதிகார சபை 2013 ஜனவரியில் வெளியிட்ட முடிவுகள் இதற்குச் சான்று. மாட்டிறைச்சி எனப் பெயரிட்ட 27 பேகர் வகைகளுள் 10இல் குதிரையின் மரபுப்பொருளும், 23இல் பன்றியின் மரபுப்பொருளும் காணப்பட்டன. குதிரை இறைச்சி கலந்தமைக்குத் தகுந்த விளக்கம் இல்லை என்றது சபை. பன்றியின் சுவடு, பல விலங்குகளின் இறைச்சியை ஒரே ஆலையில் கையாண்டதால் நேர்ந்திருக்கலாம் என்றது. பெரிய ஆலைகளிலேயே இவ்வாறாயின், ஒற்றை இயந்திரமுள்ள சிறு கடையின் நிலையை ஊகிக்கலாம். இரண்டு இயந்திரம் வாங்க இயலாத கடைக்காரர், ஆட்டிறைச்சிக்கு ஒரு நேரமும் மாட்டிறைச்சிக்கு ஒரு நேரமும் ஒதுக்கி, இடையில் முற்றாகக் கழுவலாம். அதனை வாடிக்கையாளருக்கு வெளிப்படையாகச் சொல்லுதல் நேர்மை.

விலைப்படாத துண்டுகள் அரைப்புக்குச் செல்வது உலகெங்கும் உள்ள வழக்கம். போயா தினத்தில் கடை மூடியிருக்கும். முன்னாளில் எஞ்சியது குளிர்ப்பெட்டியில் காத்திருக்கும். குளிர் தவறாதிருந்தால் அதில் குற்றமில்லை. ஆனால் 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டதை மறந்தவர் இலர். உருகிய இறைச்சியை மீண்டும் உறையச் செய்து அரைத்தால், அதைப் பார்த்து எவரும் கண்டுகொள்ள இயலாது. நிறமும் துணைசெய்யாது; அரைத்த இறைச்சியின் நடுப்பாகம் காற்றுப் படாமையால் பழுப்பாக இருப்பது இயற்கை. நோய் தரும் கிருமிகள் நிறத்தாலோ மணத்தாலோ தம்மை அறிவிப்பதில்லை.

இதன் பொருட்டே 2016 முதல் அமெரிக்கக் கடைகளில், மாட்டிறைச்சியை அரைப்போர் ஒரு பதிவேடு வைக்கவேண்டும் என்ற விதி நடைமுறையிலுள்ளது. இறைச்சியைத் தந்தவர் யார், அரைத்த நாளும் நேரமும் எவை, இயந்திரம் கழுவப்பட்டது எப்பொழுது என்பன அதில் எழுதப்படும். நோய் தோன்றினால் எந்தத் திரளிலிருந்து வந்தது என்று அதைக்கொண்டு தேடலாம். எஞ்சியதை விற்பனையிலிருந்து மீட்கலாம். எழுவான்கரையின் ஒரு கடைக்கு இதற்கு வேண்டுவது பாடசாலைப் பிள்ளைகள் எழுதும் அப்பியாசக் கொப்பி ஒன்றும், இயந்திரத்தருகே நூலில் கட்டித் தொங்கவிட்ட ஒரு பென்சிலுமே.