கிளையிலிருந்து மூலிகை

சாய்ந்தமருதுக்குக் கிழக்கே கடல், மேற்கே வயல். இடைப்பட்ட மணல் நிலத்திலே வீடுகள் நெருங்கி நிற்கின்றன. வளவு சிறிதாயினும், கிணற்றடியில் ஒரு கற்பூரவள்ளிக்கும், வேலியோரம் ஓர் ஆடாதோடைக்கும், சாடியிலே சிறிது புதினாவுக்கும் இடமுண்டு. இவற்றுக்கு விதை தேட வேண்டுவதில்லை. அயல் வீட்டிலிருந்து ஒரு கிளை கிடைத்தாற் போதும்.

வெட்டிய கிளை வேர்கொள்வது எங்ஙனம்? தளிரிலும் இளம் இலையிலும் ஒட்சின் என்னும் வளர்ச்சிப் பொருள் உண்டாகித் தண்டின் வழியே கீழிறங்குகின்றது. வெட்டுவாயில் அது தேங்க, அங்குள்ள கலங்கள் பெருகி வேராகின்றன. இதனை அறிவியலார் 1930களில் ஆய்ந்து தெளிந்தனர். வேலிக்குப் பூவரசங் கதியால் நட்ட முன்னோரோ, காரணம் அறியாமலே பயனை அறிந்திருந்தனர்.

நோயற்ற செடியிலிருந்து 4 முதல் 6 அங்குல நீளமுள்ள துண்டத்தைக் கணுவுக்குச் சற்றுக் கீழே கூரிய கத்தியால் வெட்டுதல் வேண்டும். கீழிலைகளைக் களைந்து நுனியில் இரண்டு மூன்று இலைகளை விடுக. இலை முற்றும் போயின் ஒட்சின் குன்றும். மிகுந்தால், இலைவழி வெளியேறும் நீரை வேரில்லாக் கிளை ஈடுசெய்ய மாட்டாது. உப்பில்லாத ஆற்று மணலும் தும்புச்சோறும் கலந்து, ஒரு கணுவேனும் புதையுமாறு நட்டு, நிழலில் வைத்து ஈரம் காத்தல் வேண்டும். நீர் தேங்கினால் தண்டு அழுகும். கற்பூரவள்ளியும் புதினாவும் இரண்டு மூன்று வாரத்தில் வேர்விடும். ஆடாதோடைக்கு இன்னும் சில வாரம் செல்லும். வேர் வந்ததோ எனப் பிடுங்கிப் பார்த்தல் ஆகாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் துண்டங்கள் விரைவில் வாடும்; மாரி தொடங்கும் ஐப்பசி, கார்த்திகையே ஏற்ற காலம்.

இம்முறையின் பெரும்பயன் வேறொன்று. விதையில் முளைப்பது தாய்ச்செடியினின்று வேறுபடலாம். கிளையில் வளர்வதோ தாய்ச்செடியே. 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த ஆழிப்பேரலை இவ்வூர்க் கரையோரத்தில் எண்ணற்ற உயிர்களையும் வீடுகளையும் கொண்டுசென்றது. அப்பேரிழப்பின் முன் செடியின் இழப்பு மிகச் சிறிது. எனினும், வீட்டை மீளக் கட்டியவர்களுக்கு வளவையும் மீள உண்டாக்க வேண்டியிருந்தது. உவர்நீர் கொன்ற செடியின் கிளை மேற்கே வேறொரு வளவில் முன்னரே ஊன்றப்பட்டிருப்பின், அச்செடி அழிந்ததாகாது. அங்கிருந்து மீண்டும் ஒரு கிளை பெற்றுக்கொள்ளலாம். ஆதலால், அயலாருக்குக் கிளை கொடுப்பவர் தம் செடிக்கே காப்புத் தேடுகின்றார்.

கொடுக்கும்போது செடியின் பெயரையும் பயனையும் எச்சரிக்கையையும் உடன் சொல்லிக் கொடுத்தல் நன்று. இருமலுக்கு உதவும் ஆடாதோடையைக் கருவுற்ற பெண்கள் வைத்தியரைக் கேளாது உட்கொள்ளலாகாது. இத்தகைய அறிவு கிளையோடு தானே செல்வதில்லை. கொடுப்பவரே வாய்மொழியாக அளித்தல் வேண்டும். வரும் மாரியில் ஒவ்வொரு வீட்டாரும் தமக்கென ஒன்றும் அயலாருக்கென ஒன்றுமாக இரண்டு துண்டங்கள் நடுவாராக.