கூடிப் பேச ஓர் இடம்



சமயம் சாராத மாணவர் கூட்டங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். உலக மனிதநேய அமைப்பு 1952இல் ஆம்ஸ்டர்டாமில் உருவானதையும், விஜயவாடாவில் கோராவின் நாத்திக மையம் 1972இல் உலக நாத்திகர் மாநாட்டை நடத்தியதையும் சொல்லி நேரத்தைப் போக்கிவிடலாம். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. நம் தேயிலைத் தோட்டத்திலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு தோட்டத்தில் நாலு பேர் கூடி உட்காரக்கூடிய இடங்கள் எவை? காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களம் இருக்கிறது, அது நிர்வாகத்துடையது. கோயில் முன்றில் இருக்கிறது. அது கோயில் கமிட்டியின் பொறுப்பில் உள்ளது. தொழிற்சங்கக் காரியாலயத்தில் எந்தச் சங்கத்துப் பிள்ளை என்று முதலில் கேட்பார்கள். மிச்சம் லயம் என்ற வரிசை வீட்டில் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. அதிலே அப்பா, அம்மா, ஆச்சி, தம்பி, தங்கை, மழைக்காலமானால் விறகும். பதினேழு வயதுப் பிள்ளைக்கு “இது ஏன் இப்படி?” என்று ஒரு கேள்வி வந்தால் அதைக் கேட்பதற்கு லயத்தில் இடம் எங்கே? மலையகத்தில் சுயசிந்தனையின் வரலாறு, என் கணக்கில், இடம் தேடிய வரலாறுதான்.

தொழிற்சங்கவாதி கோ. நடேசய்யர் மலையகத்துக்கு வந்த காலத்தில் தோட்டத் துரையின் அனுமதி இல்லாமல் வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாது. புடவை வியாபாரியாக வேஷம் போட்டு அவர் லயங்களுக்குள் போனார் என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அவர் மனைவி மீனாட்சி அம்மையார் கூட்டங்களில் பாடினார், ஆள் சேர்ந்தது. 1931இல் ஹட்டனைத் தலைமையிடமாக வைத்து நடேசய்யர் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். நடேசய்யர் நாத்திகர் அல்லர். ஆனால் கங்காணியின் சாதியையும் கோயிலின் முதல் மரியாதையையும் கேட்காமல் ஆட்களை ஒரே தரையில் உட்காரவைக்க முடியும் என்று அந்தக் கூட்டங்கள் காட்டின.

அடுத்த ஆண்டு, 1932 அக்டோபரில், ஐரோப்பாவையும் சோவியத் நாட்டையும் சுற்றிவிட்டுத் திரும்பும் வழியில் பெரியார் இலங்கையில் இறங்கினார். அவர் இங்கு பேசியது பின்னர் சிறு நூலாகவும் வந்தது. சுயமரியாதைக் கருத்துக்கு இந்த நாட்டில் தொடர்ந்து குரலாக இருந்தவர் ஏ. இளஞ்செழியன். மலையகத் தமிழரின் குடியுரிமை 1948இல் பறிபோனபின், அவர் நடத்திய இலங்கைத் திராவிட முன்னேற்றக் கழகம் குடியுரிமையையும் சாதி ஒழிப்பையும் ஒரே மேடையில் பேசியது. 1962இல் அரசாங்கம் அந்தக் கழகத்தைத் தடைசெய்தது. தமிழகத்துப் பிரிவினைக் கோரிக்கை இங்கே கால் ஊன்றுகிறது என்ற பயம் அன்று கொழும்பில் இருந்தது. அந்தப் பயத்தால் வாக்குரிமை இல்லாத ஒரு சனத்தின் படிப்பகமும் மேடையும் போயின. அந்த நட்டத்தை நாம் இன்னும் சரியாக எழுதிக்கொள்ளவில்லை. பெ. முத்துலிங்கம் அந்த இயக்கத்தைப் பற்றித் தம் நூலுக்கு ‘எழுதாத வரலாறு’ என்று தலைப்பு வைத்தது பொருத்தம்தான்.

மாணவர் மாநாடு என்றால் தமிழர்க்கு நினைவுக்கு வரவேண்டியது கும்பகோணம். அரசினர் கல்லூரி விடுதியில் பிராமணப் பிள்ளைகளுக்கு ஒரு தண்ணீர்ப்பானை, மற்றவர்க்கு வேறு பானை. அந்தப் பானைத் தகராறிலிருந்து 1943 கடைசியில் திராவிட மாணவர் கழகம் பிறந்தது; 1944 பிப்ரவரியில் மாநாடு கூடியது. கடவுள் உண்டா இல்லையா என்ற விசாரணை அங்கே முதலில் வரவில்லை, தண்ணீர்தான் வந்தது. தோட்டத்தில் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் யார் முதலில் குடம் வைப்பது என்று சண்டை பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

யாழ்ப்பாணத்திலும் இதே கதைதான். ஹண்டி பேரின்பநாயகமும் தோழர்களும் 1924இல் மாணவர் காங்கிரஸைத் தொடங்கினார்கள். பின்னர் வாலிபர் காங்கிரஸ் என்று அறியப்பட்டதும், 1927இல் காந்தியை அழைத்து வந்ததும் அதுதான். தீண்டாமை ஒழிப்பு அவர்கள் முதலில் எடுத்துக்கொண்ட காரியங்களில் ஒன்று. வட்டுக்கோட்டை மிஷனரிக் கல்லூரியில் உருவான பேரின்பநாயகம் பின்னாளில் கொக்குவில் இந்துக் கல்லூரிக்கு அதிபரானார்.

மிஷனரிகள் கட்டிய மண்டபங்களில்தான் நம் நாட்டில் சந்தேகம் வளர்ந்தது என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். திருவல்லாவில் பாதிரியார் மகனாகப் பிறந்த ஆபிரகாம் கோவூர் 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்குத் தாவரவியல் ஆசிரியராக வந்தார். அவரை வேதாகம வகுப்பும் எடுக்கச் சொன்னார்கள். பரீட்சை முடிவு நன்றாக வந்தது. ஆனாலும் அடுத்த வருஷம் அந்த வகுப்பை அவருக்குக் கொடுக்கவில்லை. பிள்ளைகள் பாஸானார்கள், விசுவாசத்தை இழந்துவிட்டார்கள் என்பது காரணம். கோவூரே சொல்லிச் சிரித்த கதை இது. அற்புதம் செய்து காட்டுபவர்க்கு ஒரு லட்சம் ரூபாய் என்று 1963இல் அவர் விட்ட சவாலில் கடைசிவரை ஒருவரும் ஜெயிக்கவில்லை.

ஹட்டன் ஹைலன்ட்ஸ் கல்லூரியும் 1892இல் மெதடிஸ்தர்கள் தொடங்கியதுதான். 1960களில் இர. சிவலிங்கம், திருச்செந்தூரன் போன்ற ஆசிரியர்கள் அங்கே பிள்ளைகளைக் கூட்டிவைத்து நாடகம், விவாதம், எழுத்து என்று இழுத்துப் போட்டார்கள். ‘தோட்டக்காட்டான்’ என்ற ஏச்சைக் கேட்டுத் தலைகுனிந்த பிள்ளை, ‘நான் மலையகத்தான்’ என்று நிமிர்ந்தது அந்தக் கூடல்களில். அதற்கு மனிதநேய மாநாடு என்று யாரும் பெயர் வைக்கவில்லை. நான் வைக்கிறேன்.

இங்கே ஒரு மறுப்பு எழும்: “கோயிலைத் தவிர நமக்கென்று எது இருந்தது, சேர்?” நியாயமான கேள்வி. மன்னார்க் காட்டுவழி நடந்து வந்த சனம் மாரியம்மனைக் கூடவே கொண்டுவந்தது. துரையால் பிடுங்க முடியாத ஒரே சொத்து அதுதான். அந்த அம்மனைக் கும்பிடும் தாயைக் கேலி செய்து தொடங்குகிற மாணவர் கூட்டம் எனக்கு வேண்டாம். தவிர, கேள்வி கேட்பது கோயிலுக்குப் புதிதும் அல்ல. காமன் பண்டிகையோடு ஒட்டிய லாவணியில் காமன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று ஒரு கட்சி, இரவெல்லாம் வாதாடும். தோற்றவனை யாரும் ஊரைவிட்டுத் தள்ளிவைப்பதில்லை.

ஆனால் பாடசாலையில் அந்தத் தாராளம் இல்லை. சாதாரண தரப் பரீட்சையில் சமயம் கட்டாயப் பாடம். சைவநெறி, கிறிஸ்தவம், கத்தோலிக்கம், இஸ்லாம், பௌத்தம். இவற்றில் ஒன்றை எழுதியாக வேண்டும். அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது. அடுத்த 10ஆம் உறுப்புரை ஒவ்வொருவருக்கும் சிந்தனைச் சுதந்திரமும் மனச்சாட்சிச் சுதந்திரமும் தருகிறது. எந்தச் சமயத்தையும் ஏற்காத பிள்ளைக்குப் பரீட்சை மண்டபத்தில் 10ஆம் உறுப்புரை உதவுவதில்லை. மாணவர்கள் கூடினால் முதலில் பேசவேண்டியது இது என்பேன். சமயத்துக்குப் பதிலாக ஒழுக்கவியலோ தத்துவமோ எழுத விரும்புபவர்க்கு ஒரு தாள் கேட்கலாம். விரும்பாதவர் சைவநெறியே எழுதட்டும், அதில் எனக்கு வழக்கில்லை.

இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளைக் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த வருஷம் சொற்பொழிவுக்குப் பதிலாக மாணவர்களையே இரண்டு நாள் கூட்டிவையுங்கள். தலைமைக்கு அரசியல்வாதி வேண்டாம். குத்துவிளக்கா மெழுகுதிரியா என்ற சண்டையும் வேண்டாம், நேரே பேச்சைத் தொடங்கலாம். சமையல் ஒன்றாக நடக்கட்டும், பந்தி ஒன்றாக இருக்கட்டும். வரும் பெண் பிள்ளைகளின் வீட்டுக்கு முதலில் ஓர் ஆசிரியை போய்ப் பேசிவிட்டு வரவேண்டும். இல்லாவிட்டால் ஆண் பிள்ளைகள் மட்டுமே வருவார்கள். பஸ் காசை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். கொழுந்துக் காசிலிருந்து அதை எடுக்கச் சொல்வது நியாயமில்லை. தேதி மட்டும் பார்த்து வையுங்கள். மார்கழியிலிருந்து வெசாக் வரைக்கும் சிவனொளிபாதமலை சீசன். ஹட்டனில் பஸ்ஸில் இடமும் கிடைக்காது, தங்க அறையும் கிடைக்காது. ஆகஸ்ட் விடுமுறை சரிப்படும். மழை இருக்கும், ஆகையால் கூரை ஒழுகாத மண்டபமாகப் பார்த்து இப்போதே எழுதிக் கேளுங்கள்.