அண்டை வீட்டின் அழைப்பு மணி
(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பிறந்த மண்ணை விட்டு வந்து இக்காலனியில் குடியேறிய நாம், பொங்கலையும் ஆண்டு விழாவையும் ஒரே குடும்பமாகக் கொண்டாடுகிறோம். ஆயின், அடுத்த வீட்டில் ஒரு பெண் அடிபடும் ஓசை சுவரைத் தாண்டி வரும்போது மட்டும் அயலாராகி விடுகிறோம். "அது அவர்கள் வீட்டு விவகாரம்" என்று சொல்லித் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டிக்கொண்ட இரவுகள் நமக்கு இல்லையா? உண்டு. அதனை ஒப்புக்கொண்டே இவ்வுரையைத் தொடங்குகின்றோம்.

2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் நூற்றுக்கு 29 பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். அதனினும் வருந்தத்தக்கது மற்றொன்று. சில காரணங்களுக்காகக் கணவன் மனைவியை அடிப்பது தகும் என்று அதில் நூற்றுக்கு 45 பெண்களும் 44 ஆண்களும் கூறினர். ஆகவே, நோய் ஓங்கிய கையில் மட்டும் இல்லை. 'ஊர் ஒன்றும் சொல்லாது' என்னும் துணிவிலும் இருக்கிறது. அத்துணிவைப் போக்க வேண்டியவர்கள், ஊராகிய நாமே.

2008இல் நம் நாட்டில் 'பெல் பஜாவோ', அதாவது 'மணியை அடியுங்கள்' என்னும் இயக்கம் தொடங்கிற்று. அதன் விளம்பரமொன்றில், ஓசை கேட்ட அண்டை வீட்டார் கதவு மணியை அழுத்திச் சிறிது பால் கேட்பார். அறிவுரை இல்லை, சண்டை இல்லை. 'எங்கள் காதில் விழுகிறது' என்பதே செய்தி. எவரும் செய்யத்தக்க ஒரு சிறு செயலைக் காட்டியதே அவ்வியக்கத்தின் சிறப்பு.

சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, அயலாரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்துடன் தந்தவர்மீது வழக்கு எழாது.

அன்பர்களே! இங்குள்ள நம் பெண்களுக்குத் தாய்வீடு ஆயிரம் மைலுக்கு அப்பால் உள்ளது. எனவே, அண்டை வீடே தாய்வீடாக வேண்டும். ஓசை கேட்டால் இருவராகச் சென்று மணியை அழுத்துவோம். ஆபத்தெனில் 112ஐ அழைப்போம். மறுநாள் அப்பெண்ணைத் தனியே கண்டு, அவள் விருப்பத்தைக் கேட்டு, 181 என்னும் மகளிர் உதவி எண்ணையும் சொல்லி வைப்போம். ஆடவராகிய நாம், மனைவியை அடிப்பதை வேடிக்கையாகப் பேசும் நண்பரிடம் சிரியாதிருப்போம். நம் வீட்டில் கை ஓங்காதிருப்பதே நம் பிள்ளைகளுக்கு முதற்பாடம்.

அடுத்த ஆண்டு விழாவில், அஞ்சி ஒதுங்கிய முகம் ஒன்றேனும் நம் நடுவே மலர்ந்திருக்குமாயின், இச்சங்கம் சங்கமென்னும் பெயருக்குத் தகுதி பெறும்.